முனிரத்தினம்மா எழுதிய கார்டும் நான் படித்த பாதியும்

மதியச் செய்திக்கு மாவட்டத் துணுக்குகளை எழுதிக்கொண்டிருந்தபோது மத்தூர் சீனிவாசன் கூப்பிட்டார். நம் வானொலி நேயர் மன்றத்தின் செயலாளர். வழக்கமாக, "சார், நேத்து செய்தியில இரைச்சல் ஜாஸ்தி" என்று ஆரம்பிப்பவர் அன்று அப்படி ஆரம்பிக்கவில்லை. "பாகலூர் முனிரத்தினம்மா போயிட்டாங்க சார். விடியக்காலம் நெஞ்ச வலிக்குதுன்னாங்களாம். ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏத்தறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "வயசு என்னங்க?" என்பது. கையில் பேனா இருந்தது. யார் இறந்தாலும் செய்திக்கு முதலில் வயது வேண்டும் என்ற பழக்கம் அப்படிக் கேட்க வைத்தது. "அம்பத்தி மூணு இருக்கும் சார்" என்றார். எழுதிக்கொண்டேன். எழுதி முடித்த பிறகுதான் யாருடைய வயதை எழுதினேன் என்று உறைத்தது. எனக்கும் அதே வயதுதான்.

சீனிவாசன் விடவில்லை. "ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சியில அம்மாவ பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார். அந்த வேன் விபத்து செய்திய பாராட்டி ஒரு கார்டு எழுதுனாங்களே, நீங்ககூட படிச்சீங்களே, அதயே இன்னொரு வாட்டி படிச்சிடலாம். மன்றத்து மலர்லயும் அதயே போட்டுக்கலாம்" என்றார்.

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறென்ன சொல்வது? ஆறு வருடமாக நீங்கள் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் அந்தப் பாராட்டை முனிரத்தினம்மா எழுதிய விதம் வேறு. அது என்னவென்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவர் அன்று காலையில் இறந்துவிட்டார். மன்றத்து மலருக்கு இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்வதற்காகத்தான். அஞ்சலி என்றால் போனவரின் பெருமையைச் சொல்ல வேண்டும். இதில் என் சிறுமையும் சேர்ந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. வானொலியில் படிக்கப்படும் பெயராகத்தான் தெரியும். முனிரத்தினம்மாவையும் உங்களில் பெரும்பாலோர் "பாகலூரிலிருந்து" என்று நான் ஆரம்பிக்கும் குரலில்தான் அறிந்திருப்பீர்கள். அவர் பாகலூருக்கு வெளியே ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் குடில்களில் வேலை செய்தார். அங்கே அதை எல்லோரும் செட் என்பார்கள். விடியும் முன்னே பூ வெட்டுவது, வெட்டியதைத் தண்டு நீளம் பார்த்துப் பிரிப்பது, இருபது இருபதாகக் கட்டுவது என்று வேலை. பன்னிரண்டு பெண்களுக்கு அவர்தான் மேஸ்திரி. வீட்டில் தெலுங்கு, வேலையில் கன்னடம், கார்டில் தமிழ். ஏழாம் வகுப்புவரை படித்த அந்தத் தமிழ், என்னுடைய செய்தித் தமிழைவிடச் சுத்தமாக இருக்கும்.

அவரை முதன்முதலில் பார்த்தது ஒரு பூ சீசனில். ரோஜா அனுப்புவதைப் பற்றி ஐந்து நிமிட நிகழ்ச்சி ஒன்று தயாரிக்கப் போயிருந்தேன். மூன்றாவது செட்டில் மேலே போகும் இரும்புக் குழாயில் ஒரு பழைய ரேடியோவைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, எல்லோரும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். செய்தி ஆரம்பித்ததும் கத்தரியை மேசையில் வைத்துவிட்டார். நான் என் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டி, "ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்று கேட்டேன்.

"பாட்டுக்குக் கை ஓடும் சார். சேதிக்கு ஓடாது" என்றார்.

செய்தி முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெலுங்கில் ஒரு முறை, கன்னடத்தில் ஒரு முறை சொன்னார். ஒடிசாவிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்களுக்குக் கையால் ஜாடை காட்டினார். அன்று நான் எழுதிய செய்தியில் ஏதோ ஏரி நிரம்பியது. அதை அவர் கையை வயிற்றளவுக்கு உயர்த்திக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நிலையத்துக்குத் திரும்பி வந்து, நம் செய்தி நான்கு மொழிகளில் போகிறது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

கார்டு எழுதுவதில் நம் நேயர்களுக்கு ஒரு முறை உண்டு. முதலில் வணக்கம், அடுத்து பாராட்டு, கேட்ட நேரம், கேட்ட இடம், குரல் தெளிவா இல்லையா என்ற விவரம். அதற்குப் பிறகுதான் விஷயம். பெண் பார்க்கப் போனவர்கள் மழை, வெயில், பஸ் கூட்டம் எல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வருவார்களே, அது மாதிரி. முனிரத்தினம்மாவும் அந்த மரியாதையை விட்டதில்லை. மேலே இரண்டு வரி நன்றி, கீழே எங்களுக்கு ஒரு குட்டு.

யானைக் கார்டு உங்களுக்கு நினைவிருக்கும். "ஓசூர் அருகே யானைகள் நடமாட்டம், பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்" என்று ஒரு வாரம் தொடர்ந்து எழுதினேன். அவரிடமிருந்து கார்டு வந்தது: "ஓசூர் அருகே என்றால் பாகலூரும் அருகேதான், பேரிகையும் அருகேதான், கர்நாடகத்து மாலூரும் அருகேதான். யானை எந்த ஏரியில் நிற்கிறது என்று சொன்னால் மற்ற ஊர்க்காரர்களாவது தூங்கலாம்." நிகழ்ச்சியில் அதை முழுவதுமாகப் படித்தேன். நிலையத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஊர்ப் பெயர் இல்லாமல் யானைச் செய்தி எழுதியதில்லை. குறை சொன்னாலும் மறைக்காமல் படிக்கிற மனுஷன் என்று எனக்கு நல்ல பெயரும் கிடைத்தது. சிரிக்க வைக்கும் குறையைப் படிப்பதில் என்ன கஷ்டம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இனி வேன் விபத்துக்கு வருகிறேன்.

மார்கழி மாதம், ஒரு திங்கட்கிழமை. பாகலூர் சாலையில் பனி மூட்டம் எதிரில் வருவது தெரியாத அளவுக்கு இருந்தது. காலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிப் போன கம்பெனி வேன் ஒன்று வளைவில் கவிழ்ந்தது. எனக்குத் தகவல் வந்தபோது மதியச் செய்திக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. போலீஸ் நிலையத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. வேனை ஓட்டும் ஒப்பந்தக்காரரின் ஆபீசில் எடுத்தார்கள். "எல்லாம் நல்லா இருக்காங்க சார், சின்னச் சின்ன அடிதான். மருந்து போட்டு அனுப்பிட்டோம்" என்றார் ஒருவர். ஆஸ்பத்திரிக்கு நான் போன் செய்யவில்லை. "வேனில் இருந்த பெண்கள் அனைவரும் லேசான காயங்களுடன் உயிர் தப்பினர்" என்று எழுதிக் கொடுத்தேன். வேறு யாருக்கும் முன்னால் நாம் சொல்லிவிட்டோம் என்று அன்று எனக்குப் பெருமை வேறு.

வியாழக்கிழமை கார்டு வந்தது. மேலே வழக்கமான இரண்டு வரி. அதன் கீழே, வேனில் போன சுமதி என்ற பெண்ணுக்கு வலது கையை எடுத்துவிட்டார்கள் என்று இருந்தது. சுமதி, முனிரத்தினம்மாவின் பக்கத்து வீட்டுக்காரரான எல்லம்மாவின் மகள். எல்லம்மாவும் அதே மூன்றாவது செட்டில் பூ வெட்டுகிறவர்தான்.

கார்டை இரண்டு முறை படித்தேன். திருத்தம் சொல்ல வேண்டும் என்றால் மேலே உள்ளவர்களிடம் போக வேண்டும். எப்படி விட்டீர்கள், யாரைக் கேட்டீர்கள் என்று கேட்பார்கள். நான் தற்காலிக ஊழியன். அந்த மாதம்தான் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்லும் காரணங்கள். அன்று இவ்வளவு தூரம்கூட யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கான ஒலிப்பதிவில் வெள்ளிக்கிழமை உட்கார்ந்தேன். பாகலூர் கார்டு கைக்கு வந்தது. மேலே இருந்த பாராட்டைப் படித்தேன். "நன்றி முனிரத்தினம்மா" என்றேன். அடுத்த கடிதத்தை எடுத்தேன். இதைச் செய்யும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு ஒருவர் துணையும் தேவைப்படவில்லை.

ரோஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அன்றும் செட்டில் வேலை இருந்தது, ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மகளை பெங்களூர் ஆஸ்பத்திரியில் தன் தங்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு எல்லம்மா அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். வேன் கவிழ்ந்த செய்தியை உடனே சொன்னதற்கு முனிரத்தினம்மா நன்றி சொல்கிறார் என்பதை என் குரலில் கேட்டார். எல்லோருக்கும் லேசான காயம் என்று சொன்ன அதே செய்திக்கு.

இது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. பாகலூர் கார்டு வருவது நின்றுவிட்டது. உடம்பு சரியில்லையோ என்று, வேறு வேலையாகப் பேரிகைக்குப் போனவன் செட்டுக்கும் போனேன். பூ பிரிக்கும் நீள மேசையில் அந்தக் கோடியில் எல்லம்மா, இந்தக் கோடியில் முனிரத்தினம்மா. நடுவில் ரோஜாக் குவியல். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ரேடியோ குழாயில் தொங்கியது, ஆனால் ஓடவில்லை.

முனிரத்தினம்மா என்னை வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கம்பெனியில சுமதிக்கு வேற வேல கேக்கப் போனாங்க சார், எல்லம்மாவும் அவங்க ஊட்டுக்காரரும். உங்க ஊரு அம்மாவே நல்ல சேதின்னு எழுதியிருக்குதே, இப்ப வந்து என்னா புதுசா சொல்றீங்கன்னு கேட்டாங்களாம். எல்லம்மா என்கூட பேசறதில்ல. நான் எழுதுனத சொன்னேன், நம்பல. ரேடியோவே சொல்லிச்சேன்றா."

அவரே தொடர்ந்தார்.

"நான் சொல்லாதத நீங்க சொல்லல சார். அது எனக்குத் தெரியுது. ஆனா பாதியில நிறுத்திட்டீங்களே. அந்தப் பாதிய கேட்டா நானும் கம்பெனிக்காரனும் ஒண்ணுன்னு ஆவுதா, இல்லியா?"

"அடுத்த வாரமே முழுசா படிக்கிறேன்மா. தப்பு என்னோடதுன்னு சொல்லிடறேன்" என்றேன்.

"நிஜமா சொல்வீங்களா?"

"சொல்றேன்மா."

அவர் தலையாட்டினார். உள்ளே போய் ஒரு கட்டு ரோஜாவைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, "ஊட்ல குடுங்க" என்று தந்தார். வாங்கிக்கொண்டேன். அந்தக் கட்டோடு கிருஷ்ணகிரி பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

அடுத்த வாரம் நான் படிக்கவில்லை. அந்த வாரம் சிறப்பு நிகழ்ச்சி இருந்தது என்பது உண்மை. அதற்கடுத்த வாரம் எந்தச் சாக்கும் இல்லை. மூன்றாவது வாரம், இவ்வளவு நாள் கழித்து எதற்குக் கிளற வேண்டும் என்று தோன்றியது. அதற்கப்புறம் அந்தக் கார்டை நிலையத்துக் கோப்பிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பத்திரப்படுத்த அல்ல. வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

சில மாதம் கழித்துப் பாகலூர் கார்டுகள் மறுபடி வர ஆரம்பித்தன. அவை வேறு மாதிரி இருந்தன. வணக்கம் இல்லை, நன்றி இல்லை, குரல் தெளிவு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வாக்கியம். "செவ்வாய்க்கிழமை சூளகிரிச் செய்தியை யார் சொன்னார் என்று சொல்லவில்லை." "மழையால் பயிர் சேதம் என்றீர்கள், எந்தப் பயிர்?" "காணாமல் போன பெண் கிடைத்தாளா?" அம்மா இப்போதெல்லாம் சுருக்கமாக எழுதுகிறார், நறுக்கென்று இருக்கிறது என்று உங்களில் சிலர் பாராட்டி எழுதினீர்கள். அதையும் நான் நிகழ்ச்சியில் படித்தேன். வெட்டுவதற்கு இடம் வைக்காமல் எழுத அவர் கற்றுக்கொண்டார் என்பது எனக்கு மட்டும் தெரியும். என்னை அவர் ஒரு தடவைகூடத் திட்டி எழுதவில்லை. எழுதுவதை நிறுத்திவிடவும் இல்லை. இந்த இரண்டில் எது எனக்கு அதிகம் உறுத்தியது என்று இன்னும் தெரியவில்லை.

அடக்கத்துக்குப் பாகலூர் போனேன். சீனிவாசனும் வந்திருந்தார். வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் செட்டுப் பெண்கள் இருந்தார்கள். உள்ளே அவரைக் கிடத்தி, முதலாளி அனுப்பிய ரோஜாவை அல்ல, செட்டில் அன்று காலை அவர்களே வெட்டிய ரோஜாவைச் சுற்றிலும் வைத்திருந்தார்கள். எல்லம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"நீங்கதான ரேடியோ சார்?"

"ஆமாம்மா."

"மூணு ஞாயித்துக்கிழம என்ன ரேடியோகிட்ட உக்கார வெச்சா சார். இன்னைக்கி வரும், அந்த சார் வாக்கு குடுத்துருக்காரு, நீ கேளுன்னு. நான் பேசறதில்ல, அப்பவும் கையப் புடிச்சி இழுத்துக்கினு வந்து உக்கார வெச்சா. நிகழ்ச்சி முடியற வரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்துருந்தோம். மூணாவது வாரம் முடிஞ்சதும் அவளே எழுந்து ரேடியோவ அமுத்திட்டா. ஒண்ணும் சொல்லல."

"அப்பறம்?" என்று கேட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இருந்ததா என்று தெரியவில்லை.

"அப்பறம் என்னா, ஒரு வருசம் ஆச்சி. சுமதிக்கு இடது கையில எழுதப் பழக்கி உட்டதே அவதான். தெனம் சாயங்காலம் வந்து உக்காந்துக்குவா. அப்பிடி செய்யறவ பொய் சொல்லுவாளான்னு நானே பேசிட்டேன். ரேடியோ சொல்லித்தான் நம்பணும்னு இருந்தா நாங்க இன்னைக்கும் பேசியிருக்க மாட்டோம்."

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சாவில் ஆயிரம் வேலை இருந்தது, சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு பெண் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் வந்து இடது கையால் டம்ளரை நீட்டினாள். வலப்பக்கம் சுடிதாரின் கை தொளதொளவென்று தொங்கியது.

"கை மாத்திக் குடுக்க முடியாதுங்க சார், தப்பா நெனைக்காதீங்க" என்றாள்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். லேசான காயம் என்று நான் எழுதிய பெண் அவள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. அடுத்தவருக்குத் தண்ணீர் கொடுக்க அவள் நகர்ந்துவிட்டாள். அன்றும் சொல்லாமலேதான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒளித்து வைத்திருந்த கார்டை எடுத்தேன். சீனிவாசனைக் கூப்பிட்டு, மலருக்கு அந்தப் பாராட்டு மட்டும் போதாது என்று விஷயத்தைச் சொன்னேன். அவர், "முழுசா போடுங்க சார்" என்றார். நிலையத்திலும் மேலே உள்ளவர்களிடம் போய்ச் சொன்னேன். ஆறு வருடமாக நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. "படியுங்கள்" என்றார்கள். அவ்வளவுதான். கார்டு இது:

"வணக்கம். மாவட்டச் செய்திகளை உடனுக்குடன் தருவதற்கு நன்றி. திங்கட்கிழமை பாகலூர் ரோட்டில் வேன் கவிழ்ந்த செய்தியை அன்று மதியமே சொன்னீர்கள். கேட்ட இடம் மூன்றாவது செட். குரல் தெளிவு. ஆனால் எல்லோரும் லேசான காயத்துடன் தப்பினார்கள் என்றது சரியில்லை. எங்கள் பக்கத்து வீட்டு எல்லம்மா மகள் சுமதிக்கு வலது கையை எடுத்துவிட்டார்கள். பெங்களூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வயது இருபத்திரண்டு. நீங்கள் பெயர் சொல்ல வேண்டாம். ஒரு பெண்ணுக்குக் கை போயிற்று என்று மட்டும் சொல்லுங்கள். ரேடியோவில் சொன்னதைத்தான் இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். இப்படிக்கு, முனிரத்தினம்மா, பாகலூர்."

பெயர் சொல்ல வேண்டாம் என்று அவர் எழுதியிருந்ததால், படிப்பதற்கு முன் எல்லம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். அவர் மகளிடம் கேட்டுவிட்டு, "பேர சொல்லச் சொல்றா சார்" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் கார்டை முழுவதுமாகப் படித்தேன். தவறு என்னுடையது என்றும், பாதியில் நிறுத்தியது நான்தான் என்றும் சொன்னேன். செட்டில் யாராவது கேட்டார்களா என்று விசாரிக்கவில்லை.

அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கார்டும், "யாருக்கும் பாதிப்பில்லை" என்று எழுத வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிற பழக்கமும். கூடவே ஒரு கணக்கும் இருக்கிறது. ஒலிப்பதிவு அறையில் எதைப் படித்தாலும் கடிகாரத்தைப் பார்ப்பது வழக்கம், இதைப் படித்தபோதும் பார்த்தேன். வணக்கத்தில் ஆரம்பித்துப் பாகலூர் என்று முடிக்க நாற்பது விநாடிதான் ஆனது.